பதினான்காம் பக்கம்

சுகந்திக்கு எதையும் மூன்றாகப் பிரிக்காமல் யோசிக்க வராது. பதினோரு வருஷம் கன்சல்டன்டாக இருந்து பழகிய புத்தி. ஒரு கல்யாணத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று கணவன் கேட்டால்கூட முதலாவது, இரண்டாவது என்று விரல் மடக்க ஆரம்பித்துவிடுவாள். மூன்றாவது வருவதற்குள் அவன் சட்டை மாற்றப் போய்விடுவான். ஆனால் இன்று காலை ஒன்பதேகாலுக்கு, கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் வாடகைக் காரின் பின் சீட்டில், ரிப்போர்ட்டின் எட்டு ஸ்பைரல் பிரதிகள் அடங்கிய அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு ஒன்றைத் தாண்டவில்லை. முதலாவது, பதினான்காம் பக்கம். இரண்டாவதும் பதினான்காம் பக்கம்தான். பெட்டியை டிக்கியில் வைக்கட்டுமா என்று டிரைவர் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் வேண்டாம் என்று அவளுக்கே தெரியவில்லை, மடியில் இருந்தால் அந்தப் பக்கம் யார் கண்ணிலும் படாது என்கிற மாதிரி. பக்கத்தில் வாசுதேவன். அவர்தான் அவளுடைய கன்சல்டிங் கம்பெனியின் பங்குதாரர், அவளுக்கு மேலே. சார் என்று கூப்பிடக் கூடாது, பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அது கம்பெனி வழக்கம். முதல் ஒரு வருஷம் அவள் எப்படியும் கூப்பிடாமலேயே சமாளித்தாள். வாசுதேவன் போனைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். ஹோப் காலேஜ் சிக்னலில் கார் நின்றது. பதினோரு மணிக்கு அரசூர் பம்பு கம்பெனியில் மீட்டிங். இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம். காலையில் பல் தேய்க்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது, வாயில் நுரையோடு, ஐயையோ, டெஸ்டிங்கில் இருபது வருஷத்துக்கு மேலே வேலை பார்க்கிறவர் ஒரே ஒருத்தர்தானே என்று.

பக்கம் என்னவோ நல்ல பக்கம். அதில் ஐந்து வரிகள், ஐந்தும் பம்பு கம்பெனி ஊழியர்கள் சொன்னவை, மேற்கோள் குறிக்குள். யார் சொன்னது என்று பேர் இருக்காது. பேருக்குப் பதில் கீழே சின்ன எழுத்தில் ஓர் அடையாளம் மட்டும் இருக்கும். நாலாவது வரி இதுதான்: "மூணு டெஸ்டிங் பெஞ்சுல ரெண்டு எட்டு மாசமா ஓடலீங்க. ஓடாத பெஞ்சுல வர்ற பம்புக்கு நாங்க பாஸ்னு சீட்டு மட்டும் ஒட்டறமுங்க." பெஞ்சு என்பது பம்பை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கிற மேடை. நேற்று மதியம்வரை இந்த வரியின் அடியில் 'உற்பத்தித் துறை ஊழியர்' என்று இருந்தது. உற்பத்தியில் முந்நூற்று நாற்பது பேர். அந்தக் கூட்டத்தில் யாரைப் போய்த் தேடுவார்கள். சாயங்காலம் ஹோட்டல் லாபியில் வாசுதேவன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "வரி பிரமாதம் சுகந்தி. ஆனா இத யாரோ கேன்டீன்ல சொன்ன மாதிரி இருக்கு. சொன்னவருக்கு ஒரு எடை வேணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தட்டியது அவள் விரல்கள். 'டெஸ்டிங் பிரிவு மேற்பார்வையாளர், இருபது ஆண்டுகளுக்கு மேல் பணி.' தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, வரி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது, அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஐந்து பேருக்குக் குறைவான கூட்டத்தைச் சுட்டி எழுதாதே என்பது கம்பெனி விதி. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரம் அதைச் சொல்லிக்கொடுப்பதே சுகந்திதான். அதற்கென்று ஒரு வகுப்பு, அந்த வகுப்புக்கு ஒரு தனி மார்க்கர் பேனா. சிக்னல் விழுந்தது. பின்னால் ஒரு டவுன் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை.

டெஸ்டிங்கில் மேற்பார்வையாளர்கள் மூன்று பேர். ஒருத்தன் போன வருஷம் டிப்ளமா முடித்து வந்தவன், இன்னொருத்தருக்கு ஆறு வருஷம். மூன்றாவது நாச்சிமுத்து, இருபத்தாறு வருஷம். ஐம்பத்து நாலு வயது, காதோரம் மட்டும் நரை, பேசும்போது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், தன் பேரைத் தானே சரிபார்த்துக்கொள்கிற மாதிரி. அவரிடம் அவள் மூன்று தடவை பேசினாள். முதல் இரண்டு தடவையும் எல்லாம் நல்லா ஓடுதுங்க, ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க. மூன்றாவது தடவை அவள் தன் வித்தையைக் காட்டினாள். வித்தை ஒன்றும் பெரிதில்லை, பதில் வந்த பிறகு அடுத்த கேள்வி கேட்கக் கூடாது. சும்மா இருக்க வேண்டும். மனசுக்குள் ஏழு எண்ண வேண்டும். மனுஷனுக்கு ஏழு விநாடி மௌனத்தைத் தாங்க முடியாது, நாலிலேயே நெளிவான், ஆறில் எதையாவது சொல்லி நிரப்புவான், அந்த எதையாவதுதான் நமக்கு வேண்டியது. நாச்சிமுத்து ஐந்தில் சொன்னார். அவர் சொல்லத் தொடங்கியதும் சுகந்தி பேனாவை மூடினாள், அது இரண்டாவது வித்தை, முக்கியமானது வரும்போது எழுதக் கூடாது, எழுதினால் வாய் மூடிக்கொள்ளும். பிறகு பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வார்த்தை மாறாமல் எழுதினாள். திரும்பி வந்தபோது அவர் அங்கேயே நின்றிருந்தார். "ஏனுங் மேடம், எம் பேரு எங்கியும் வராதுங்கள்ல?" என்றார். "வராதுங்க" என்றாள் சுகந்தி. கோயம்புத்தூருக்கு வந்த மூன்றாம் நாளே அவள் வாயில் 'ங்க' தானாக ஒட்டிக்கொண்டுவிடும், எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொள்ளும், அதுவும் வித்தையா அல்லது அவள் குணமே அப்படியா என்று இப்போது அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

பேர் வரவில்லை. அதுதானே உறுத்துகிறது, சொன்ன சொல் தவறவில்லை, பேரைத் தவிர எல்லாம் வந்திருக்கிறது. விருதுநகரில் அம்மா இப்படித்தான் பேசுவாள். குழாயடியில் நின்றுகொண்டு, "நான் யாரு பேரையும் சொல்ல மாட்டேன்க்கா, எனக்கெதுக்கு அந்தப் பொல்லாப்பு, நம்ம தெருவுல நீலக் கேட்டு வீடுன்னு வெச்சுக்கோங்க" என்பாள். தெருவில் நீலக் கேட்டு ஒன்றுதான். சின்ன வயதில் சுகந்திக்கு அதைக் கேட்டு அவமானமாக இருக்கும், அம்மாவின் சேலையைப் பிடித்து இழுப்பாள். படித்து, ஊர் ஊராகப் பறந்து, லாபியில் காபி குடித்துக்கொண்டு கடைசியில் தானும் அதையேதான் செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவாவது குழாயடியோடு விட்டாள். இது எட்டுப் பிரதி, மேலே வழவழப்பு அட்டை. உற்பத்தித் தலைவர் மோகனசுந்தரம் முதலாளிக்கு மைத்துனர். இரண்டு பெஞ்சும் நின்றுபோனதை முதலாளிக்குச் சொல்லாமல் சீட்டு ஒட்டச் சொன்னவரே அவர்தான் என்று நாச்சிமுத்து சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் விட்ட இடத்தில் வேறு யாரும் பொருந்தவில்லை. மோகனசுந்தரம் இந்தப் பக்கத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சிரிப்பார், ஒரு வாரம் போகும், பிறகு நாச்சிமுத்துவை எங்கேயாவது தூக்கிப் போடுவார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு வரிக்கு எடை வேண்டியிருந்தது, அதற்காக.

கிழித்துவிட்டால் என்ன. அவள் பெட்டியின் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி, விரலை விட்டு மேல் பிரதியின் ஓரத்தைத் தடவினாள். ஸ்பைரல்தான், இழுத்தால் வந்துவிடும், எட்டுப் பக்கம், பக்கத்துக்கு ஐந்து விநாடி, பம்பு கம்பெனிக்குப் போனதும் பாத்ரூம். ஆனால் பதிமூன்றுக்கு அப்புறம் பதினைந்து வரும். முதலாளி லோகநாதன் பென்சிலை வைத்துக்கொண்டு படிக்கிறவர், காகிதம் இல்லாமல் படிக்கவே மாட்டார், அதற்காகத்தானே அச்சடித்ததே. பக்க எண்ணைப் பார்ப்பாரா. பார்ப்பார், பம்பு விற்கிறவர், ஒரு நட்டு குறைந்தாலும் கண்ணில் படும். அச்சுக்காரன் விட்டுவிட்டான் என்று சொல்லலாம். எட்டிலுமா விட்டான். அப்புறம் இருபத்திரண்டாம் பக்கத்தில் 'பதினான்காம் பக்கத்தில் கண்டபடி' என்று ஒரு வரி, அதையும் அவளேதான் எழுதினாள், முன்னுக்கும் பின்னுக்கும் முடிச்சுப் போடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அடையாளத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினால்? ஒட்டின இடத்தைத்தான் எல்லோரும் முதலில் சுரண்டுவார்கள். இதையெல்லாம் விட ஒரு வழி இருந்தது, இரண்டு வாரத்துக்கு முன்னால் இருந்தது. அவளே ஒரு நாள் பெஞ்சு பக்கத்தில் கையில் கடிகாரத்தோடு நின்று எத்தனை பம்பை ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று எண்ணியிருந்தால் இந்த வரியே தேவைப்பட்டிருக்காது, எண்ணிக்கையே பேசியிருக்கும். நேரமில்லை என்று விட்டாள். பதிவேட்டில் எல்லாம் பாஸ் என்று இருந்தது, நாச்சிமுத்து வாயில் இல்லை என்று இருந்தது, நல்ல வரி கிடைத்துவிட்டால் கால் தானாகச் சோம்பல்பட்டுவிடுகிறது. இப்போது கையில் எண் இல்லை. ஒரு மனுஷன்தான் இருக்கிறார். கார் சிட்ராவைத் தாண்டி எப்போது வேகம் எடுத்தது என்று தெரியவில்லை, ஜன்னலில் ஒரு பள்ளிக்கூடச் சுவர் ஓடியது, யாரோ ஒரு பெண் தண்ணீர்க் குடத்தோடு சாலையைக் கடக்க நின்றாள். அந்த மாதிரி ஒரு பெண் வீட்டில்தான் இந்தப் பம்பு இருக்கும். ஈரத் தரை, ஈரக் கை, மின்கசிவு சோதிக்காத மோட்டார், பாஸ் என்று சீட்டு. சுவிட்சைப் போடுவாள். இதையும் நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது, பக்கத்தைக் கிழித்தால் அந்தப் பெண், கிழிக்காவிட்டால் நாச்சிமுத்து, இதில் மூன்றாவது எங்கே, எப்போதும் ஒரு மூன்றாவது இருக்குமே.

"வாசுதேவன்" என்றாள். குரல் கொஞ்சம் மேலே போய்விட்டது, டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். "பதினாலாம் பக்கத்துல அந்த நாலாவது கோட், அடையாளம் ரொம்பக் குறுகிப்போச்சு. அது ஒரே ஒருத்தர்தான். யாருன்னு தெரிஞ்சுரும்." வாசுதேவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரிஞ்சா? யார் சொன்னதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா நாம சொல்ல மாட்டோம். அவ்வளவுதான்" என்றார். பிறகு, அவள் முகம் எப்படி இருந்ததோ, போனை மடியில் கவிழ்த்தார். "மாத்தணும்னா நேத்தே சொல்லியிருக்கணும் சுகந்தி. காலையில ஆறு மணிக்கே லோகநாதனுக்கு அனுப்பிட்டேன். அறைக்குள்ள யாருக்கும் ஆச்சரியம் இருக்கக் கூடாதுல்ல. அவர் படிச்சிட்டு பதில்கூடப் போட்டிருக்கார், பாரு." அதுவும் கம்பெனி வழக்கம்தான். எந்த ரிப்போர்ட்டையும் மீட்டிங்கில் முதல் தடவையாகக் காட்டக் கூடாது, வர வேண்டியவர்களுக்கு முன்கூட்டியே தனித்தனியாகக் காட்டிவிட வேண்டும், அப்போதுதான் சண்டை அறைக்கு வெளியே முடியும். அவளும் நூறு தடவை செய்திருக்கிறாள். வாசுதேவன் படித்தார்: "நன்றாக வந்திருக்கிறது. பதினான்காம் பக்கம் பற்றி விவாதிக்க வேண்டும். டெஸ்டிங்கிலிருந்தும் ஆளை வரச் சொல்லியிருக்கிறேன்." படித்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். "ஆர்வமா இருக்கார். இந்த மாதிரி கிளையன்ட் கிடைக்கறது கஷ்டம்." சுகந்தி பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். கிழிப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. கை இரண்டும் சும்மா இருந்தன, சும்மா இருப்பது பொறுக்காமல் பெட்டியின் மேலிருந்த டேப்பின் நுனியைத் தேடித் தேடி உரித்துக்கொண்டே வந்தாள், அரசூர் வரும்வரை.

பம்பு கம்பெனி வாசலில் காவலாளி அவர்கள் பேரை எழுதிக்கொண்டார். வாசுதேவன் யாரோ ஒருவரோடு கை குலுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மாடிப்படி ஆரம்பிக்கும் இடத்தில் நாச்சிமுத்து நின்றிருந்தார். யூனிஃபார்ம் சட்டைதான், ஆனால் இஸ்திரி மடிப்பு கலையாதது, தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஐயோ மலராதே என்று சுகந்திக்கு உள்ளே ஒன்று கெஞ்சியது. "வாங்க மேடம். என்னையும் மேல வரச் சொல்லிருக்காங்க. இருவத்தாறு வருசத்துல மேல ரூமுக்குப் போறது இதான் மொதல் தடவைங்க. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" ஒரு நிமிஷம், தெரியாது என்று சொல்லிவிடலாம் என்றிருந்தது, நன்றாகச் சிரித்தபடியே சொல்லலாம், அவரே மேலே போய்த் தெரிந்துகொள்வார், அவள் பார்க்க வேண்டியதில்லை. சொல்லவில்லை. சுவர் ஓரமாகத் தள்ளி நின்று, அவர் சொன்னது எந்தப் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்பதை அப்படியே சொன்னாள். அவர் அடையாள அட்டையைப் பிடித்தார், ஆனால் திருப்பிப் பார்க்கவில்லை. "பேரு வராதுன்னீங்களே மேடம்." "பேர் வரலைங்க" என்றாள் சுகந்தி. சொன்ன கணமே தன் வாயில் தானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிறகு, "தப்பு என்னுதுங்க. நான்தான் அப்படி எழுதினேன்" என்றாள்.

நாச்சிமுத்து கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மாடியைப் பார்த்தார், பிறகு படிக்கட்டுக் கைப்பிடியைப் பார்த்தார். "எனக்கு இன்னும் நாலு வருசம் இருக்குதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது நான் சொல்லலீன்னு சொல்லிருங்க மேடம். ஆரும் சொல்லலீன்னு. நீங்களா எழுதினதுன்னு சொல்லிருங்க. உங்களுக்கு என்னங்க ஆயிரும், வேற எடத்துல வேலை கெடைக்கும்" என்றார். கெடைக்காது என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. ஊழியர் சொல்லாததைச் சொன்னதாக எழுதினேன் என்று ஒரு கன்சல்டன்ட் கிளையன்ட் முன்னால் ஒப்புக்கொண்டால் அதற்குப் பிறகு அந்த ஆளை யாரும் எந்த அறைக்குள்ளும் கூப்பிட மாட்டார்கள். திருடினேன் என்றால்கூட மன்னிப்பார்கள். அதைவிட மோசம், அப்படிச் சொன்னால் அந்த வரியும் செத்துவிடும், இரண்டு பெஞ்சும் நிற்கிறது என்பதற்கு இந்த ரிப்போர்ட்டில் வேறு ஆதாரமே இல்லை. மேலே யாரோ கதவைத் திறந்து "வந்துட்டீங்களா" என்றார்கள். நாச்சிமுத்து அவளுக்கு வழிவிட்டார். படி ஏறும்போது அவள் பேச வேண்டியதை அடுக்கினாள், படிக்கு ஒரு வார்த்தையாக. முதலாவது, அந்த வரி யாரும் சொன்னதில்லை, நான் எழுதியது. இரண்டாவது, ஆனாலும் பெஞ்சுகளைப் பார்க்க வேண்டும், இப்போதே எல்லோரும் கீழே இறங்கிப் போய்ப் பார்க்கலாம், நூறு அடி தூரம்தான். மூன்றாவது வேண்டாம், இரண்டே போதும். இரண்டாவதைச் சொல்லிவிட்டால் ஆளும் பிழைப்பார், உண்மையும் பிழைக்கும். இருபத்திரண்டு படிகள். மேலே வரும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது, கொஞ்சம் நம்பிக்கைகூட வந்திருந்தது.

நீள மேஜை, ஏசி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். லோகநாதன் நடுவில், பக்கத்தில் மோகனசுந்தரம் கையைக் கட்டிக்கொண்டு. நாச்சிமுத்து கதவோரத்துக் கடைசி நாற்காலியில் பாதி நுனியில் உட்கார்ந்தார். வாசுதேவன் முதல் பக்கத்தை ஆரம்பிப்பதற்குள் லோகநாதன் பென்சிலால் மேஜையைத் தட்டினார். "நேரா பதினாலுக்கு வந்தர்லாங்க. சுகந்தி மேடம், இதச் சொன்னது ஆருன்னு நான் கேக்கப் போறதில்லீங்க. டெஸ்டிங்ல இருவது வருசத்துக்கு மேல ஆரு இருக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா." அவர் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. மோகனசுந்தரம் பார்த்தார். சுகந்தி எழுந்து நின்றாள், எதற்கு எழுந்தாள் என்று தெரியவில்லை. "சார், அது யாரும் சொன்னதில்லைங்க. பல பேர்கிட்டப் பேசினதுல எனக்குத் தோணினத, ஒருத்தர் சொன்ன மாதிரி நானே எழுதிட்டேன்." வாசுதேவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் நாற்காலியை மட்டும் அவளிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார், சத்தமில்லாமல். லோகநாதன் பென்சிலை மேஜையில் வைத்தார். "அப்ப இது பொய்யிங்களா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் கோபம் இல்லை, பொய்யாக இருந்தால் நல்லது என்கிற ஆசைதான் இருந்தது. ஆமாம் என்று சொன்னால் இரண்டாவது வாக்கியம் எங்கே உட்காரும், பொய் என்று ஆன பிறகு எதைப் பார்க்கக் கீழே போவது, இதை ஏன் படியில் யோசிக்கவில்லை. கதவோரத்தில் நாச்சிமுத்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாங்க சார்" என்றாள். "ஆனா பெஞ்சு..." என்று அவள் எடுப்பதற்குள் லோகநாதன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதையும் கேட்டர்லாம். எதுக்குச் சந்தேகம்" என்று சொல்லிக் கதவுப் பக்கம் திரும்பினார். "நாச்சிமுத்து, நீ சொல்லு. மூணு பெஞ்சும் ஓடுதா?" நாச்சிமுத்து எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டையின் கீழ்விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டார். சுகந்தி அவர் முகத்தையே பார்த்தாள், அவர் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழி திறந்துதான் இருக்கிறது, இனிமேல் அவரைப் போட்டுக்கொடுத்தவர் என்று யாரும் சொல்ல முடியாது, முதலாளி கேட்டார், பதில் சொன்னார், அவ்வளவுதான். அவர் அவளைப் பார்க்கவில்லை. மோகனசுந்தரத்தைப் பார்த்தார். "ஓடுதுங்க" என்றார். உட்கார்ந்தார். சுகந்திக்கு முதலில் வந்தது நிம்மதி, அப்பாடா, அவர் வேலை தப்பியது என்று. அந்த நிம்மதிக்காக அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. லோகநாதன் பென்சிலால் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார், ரொம்ப அழுத்தாமல், பிறகு அடுத்த பக்கம் போகலாங்களா என்று வாசுதேவனைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் பதினைந்தாம் பக்கத்தைத் திருப்பினார்கள். ஜன்னலுக்குக் கீழே ஒரு லாரியில் பம்பு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகள் எல்லாவற்றிலும் பச்சைச் சீட்டு இருந்தது. அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.